கம்பக் கொட்டகைக்குக் கூரைத் தகடு கணக்கிடும் முறை

வைக்கோல், உர மூட்டை, உழவுக் கருவிகள், மழைக்கு ஒதுங்கும் கால்நடை ஆகிய அனைத்திற்கும் இடமளிக்கும் திறந்த கொட்டகை ஒன்று பண்ணைதோறும் தேவைப்படுகிறது. சுவர் எழுப்பாமல், கம்பங்களை மண்ணில் ஆழ நட்டு, அவற்றின் தலைமீது கூரையை ஏற்றுவதே இதற்கு எளிய வழியாகும். பனை, சவுக்கு, கல்தூண் எனக் கிடைப்பதைக் கொண்டு இந்நாட்டு உழவர்கள் தொன்றுதொட்டு இவ்வாறே கட்டி வந்துள்ளனர். அமெரிக்கப் பண்ணைகளில் 1930ஆம் ஆண்டுகளிலிருந்து இம்முறை, மருந்தேற்றிய மரக்கம்பமும் உலோகத் தகடும் கொண்டு, புது வடிவில் பரவியது. கம்பங்களுக்கு ஏற்றும் மருந்துகளுள் பின்னர் உலகெங்கும் வழங்கிய செம்பு-குரோமியம்-ஆர்சனிக் கலவை, டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோந்தி காமேசம் என்பவர் 1933ஆம் ஆண்டளவில் கண்டதாகும்.

கம்பம் பெரும்பாலும் அருகிலேயே கிடைத்துவிடும். தகடோ பணம் கொடுத்து வாங்க வேண்டிய பொருள். கடன் விண்ணப்பத்திலோ மானிய மதிப்பீட்டிலோ பிழை புகுவதும் இந்த இடத்தில்தான். தரையின் நீளத்தை அகலத்தால் பெருக்கி, பத்தில் ஒரு பங்கு கூட்டித் தகடு வாங்குவது ஊர்வழக்கம். 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள கொட்டகைக்கு இக்கணக்கு 79 சதுர மீட்டர் என்று சொல்லும். உண்மையில் வாங்க வேண்டியது ஏறத்தாழ 127 சதுர மீட்டர். இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால்தான் மதிப்பீடு கைகூடும். இல்லையேல், பருவமழை தொடங்கும் வேளையில் பாதிக் கூரை திறந்து கிடக்க, உழவர் மறுபடியும் கடனுக்கு அலைய நேரிடும்.

முதலாவது, சரிவு. தகடு போர்த்துவது தரையையன்று, சரிவை. நெளிதகட்டுக் கூரைக்கு மூன்றுக்கு ஒன்று என்ற சரிவு வழக்கமானது. ஐந்துக்கு ஒன்றினும் தாழ்வான சரிவு கூடாது. பள்ளி மைதானத்தில் மாணவர்களைக் கொண்டு இதைச் செய்து காட்டலாம்: 3 மீட்டர் அடியும் 1 மீட்டர் உயரமும் உள்ள செங்கோண முக்கோணத்தைக் கயிற்றால் அமைத்தால் சாய்ந்த பக்கம் 3.16 மீட்டர் வரும். ஆகவே கிடைமட்ட அளவு எதுவாயினும், அதை 1.054 ஆல் பெருக்கச் சரிவின் நீளம் கிடைக்கும். மேற்கண்ட கொட்டகையில் பாதி அகலம் 3 மீட்டர். இறவாரம் 45 செ.மீ. வெளியே நீள வேண்டுமெனில் கிடைமட்டம் 3.45 மீட்டர், சரிவு 3.64 மீட்டர்.

இரண்டாவது, கடையில் கிடைக்கும் நீளம். இந்தியத் தரம் 277 இன்படி நெளிதகடுகள் 1.8, 2.2, 2.5, 2.8, 3.2 மீட்டர் நீளங்களில் அமைவன. (மெட்ரிக் அளவைச் சட்டம் 1956இலேயே வந்தும், பல கடைகளில் அடிக்கணக்கே வழங்குகிறது, விலை கேட்கும்போதே அளவைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம்.) ஒரே தகடு 3.64 மீட்டருக்கு எட்டாது. இரண்டு தகடுகளை மேலும் கீழுமாக இட்டால், மேல்தகடு கீழ்தகட்டின்மேல் கவிய வேண்டும். இரண்டுக்கு ஒன்று அல்லது அதனினும் செங்குத்தான சரிவுக்கு 15 செ.மீ. கவிவு போதும், அதனினும் தாழ்ந்த சரிவுக்கு 20 செ.மீ. வேண்டும். எனவே தேவையான மொத்த நீளம் 3.84 மீட்டர். இரண்டு 1.8 மீட்டர் தகடுகள் போதா. ஒரு 1.8 மீட்டரும் ஒரு 2.2 மீட்டரும் சேர்த்தால் 4 மீட்டர். கவிவு போக 3.80 மீட்டர் நிற்கும்.

மிகுந்த 16 செ.மீ.ஐ வெட்டி எறிவது வீண்செலவு. வெட்டிய விளிம்பில் துத்தநாகப் பூச்சு அறுபட்டுத் துருவும் அங்கேயே தொடங்கும். தகட்டிற்கேற்பக் கொட்டகையை அமைப்பதே அறிவுடைமை. இறவாரத்தை 60 செ.மீ. ஆக நீட்டிவிட்டால் கணக்கு நேராகிறது; சாரலும் கம்பத்தின் அடியை அணுகாது. ஆனால் கடைசிச் சட்டத்திற்கு அப்பால் தகடு மட்டும் தனியே 30 செ.மீ.க்கு மேல் நீண்டு நில்லாதபடி, கைமரங்களை வெளியே நீட்டி அவற்றின்மேல் ஒரு சட்டம் இட வேண்டும்.

மூன்றாவதாகிய அகலக் கணக்கிலேதான் பெரும்பாலோர் இடறுகின்றனர். எட்டு நெளிகள் உள்ள தகட்டின் முழு அகலம் 66 செ.மீ. கொட்டகையின் 12 மீட்டர் நீளத்துடன் இருபுறமும் 30 செ.மீ. நீட்சி சேர்த்தால் 12.6 மீட்டர். இதை 66 செ.மீ.ஆல் வகுத்து 20 தகடுகள் என்று எழுதிவிடுவர். பக்கவாட்டில் இரண்டு நெளிகள் ஒன்றின்மேல் ஒன்று கவிய வேண்டும் என்பதை நினைவிற் கொண்டவர்கூட, நெளிக்கு 7.5 செ.மீ. வீதம் 15 செ.மீ.ஐ 66இலிருந்து கழித்து, 51 என்பர். அதுவும் சரியன்று. மேட்டின்மேல் மேடும் பள்ளத்தின்மேல் பள்ளமும் பொருந்தினால்தான் தகடு படியும். ஆதலால் ஒவ்வொரு தகடும் முன்னேறும் தொலைவு முழு நெளிகளாகவே இருக்க முடியும். எட்டு நெளி 60 செ.மீ.; எஞ்சிய 6 செ.மீ. விளிம்பு. ஒரு நெளி கவிந்தால் முன்னேற்றம் 60 செ.மீ., இரண்டு நெளி கவிந்தால் 52.5 செ.மீ. ஐயமிருப்பின் கடையிலேயே இரண்டு தகடுகளைத் தரையில் பொருத்தி நாடாவால் அளந்து கொள்ளலாம். எந்தப் பட்டியலையும்விட நம்பத்தக்கது இதுவே.

இவ்வாறு பார்த்தால் 24 வரிசைகள் தேவை: முதல் தகடு 66 செ.மீ., அடுத்த 23 தகடுகள் 52.5 செ.மீ. வீதம், மொத்தம் 12.73 மீட்டர். ஒரு சரிவுக்கு 1.8 மீட்டர் தகடு 24, 2.2 மீட்டர் தகடு 24. இரு சரிவுக்கும் 96 தகடுகள். 0.63 மி.மீ. கனமாயின் எடை சுமார் 700 கிலோ. வண்டி வாடகை பேச இவ்வெண் உதவும்.

வண்ணம் பூசிய பட்டைநெளித் தகடுகளைத் தேவையான நீளத்திற்கே வெட்டித் தருகின்றனர். அவற்றின் போர்த்தும் அகலம் ஏறக்குறைய 1 மீட்டர். குறுக்கே இணைப்பே இராது. இக்கொட்டகைக்குச் சரிவுக்கு 13 ஆக 26 தகடுகள் போதும். எனினும் இவை பெரும்பாலும் மெல்லியவையாதலால் கனத்தைக் கேட்டறியாமல் விலையை ஒப்பிடுதல் பயனற்றது. நீண்ட தகட்டைக் கிராமப் பாதையில் கொண்டு சேர்ப்பதும் எளிதன்று.

அடுத்து, சட்டங்கள். 0.63 மி.மீ. தகட்டிற்குத் தாங்கு சட்டங்களின் இடைவெளி 1.6 மீட்டரை மிஞ்சலாகாது. இரு தகடுகள் கவியும் இடத்தின் அடியில் கட்டாயம் ஒரு சட்டம் இருக்க வேண்டும். 1.8 மீட்டர் தகட்டைக் கீழே இட்டால், இறவாரத்தில் ஒன்று, கவிவின் அடியில் ஒன்று, மேல்தகட்டின் நடுவில் ஒன்று, முகட்டருகே ஒன்று எனச் சரிவுக்கு நான்கு சட்டங்கள் அமையும். எட்டுச் சட்டங்களுக்கும் சேர்த்துச் சுமார் 101 மீட்டர். முகட்டை மூட 60 செ.மீ. அகல முகட்டுத் தகடு, 1.8 மீட்டர் நீளத்தில், நுனிக்கவிவு உட்பட 8 வேண்டும்.

கொக்கி போல்ட்டுக்கும் வாஷருக்கும் மதிப்பீட்டில் ‘இதர செலவு’ என ஒரு வரி எழுதி முடிப்பது வழக்கமாயிருக்கிறது. கூரை நிற்பதோ அவ்வரியில்தான். இந்தியாவின் கீழைக் கடற்கரைப் பகுதிகள் பலவற்றிற்குத் தர விதிகள் குறிக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அவ்வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், அதாவது சுமார் 153 கிலோ எடைக்கு நிகர். கவிவுகள் உட்படத் தகட்டின் எடையோ சதுர மீட்டருக்கு 7.4 கிலோ. சுவரில்லாக் கொட்டகையில் காற்று அடியிலிருந்து உந்தும். அதே வேளையில் மேலிருந்து உறிஞ்சும். நாகப்பட்டினம் மாவட்டக் கரையைக் கடந்த கஜா (2018), பூரிக்கு அருகே கரையேறிய ஃபானி (2019) போன்ற புயல்களில் பறந்த கூரைத் தகடுகள், கூரையிழந்தவருக்கு மட்டுமன்றி வழியில் நின்றோருக்கும் ஆபத்தாயின.

ஒவ்வொரு தகட்டிற்கும் ஒவ்வொரு சட்டத்திலும் குறைந்தது மூன்று கொக்கி போல்ட்டுகள் 30 செ.மீ.க்கு மிகாத இடைவெளியில் வேண்டும். கவிவில் அமைவது இரு தகட்டிற்கும் பொது. ஆகவே ஒரு சட்டத்திற்கு 49, எட்டுக்கு 392. பக்கக் கவிவுகளை இறுக்கும் சிறு போல்ட்டுகள், 46 இணைப்புகளுக்குப் பத்து வீதம், 460. ஒவ்வொன்றிற்கும் ஒரு தார் வாஷரும் ஒரு கிண்ண வாஷருமாக 852 இணைகள். சேதாரத்திற்கு நூற்றுக்கு ஐந்து கூட்டலாம். மேற்கூறிய காற்றில் ஒரு கொக்கி சராசரியாக 38 கிலோ விசையைத் தாங்கும். பாதிக் கொக்கியை மிச்சப்படுத்தினால் ஒவ்வொன்றும் 76 கிலோவைத் தாங்க நேர்ந்து, மெல்லிய தகடு துளையைச் சுற்றிக் கிழியும். ஓரங்களிலும் மூலைகளிலும் விசை இதனினும் மிகுதி. கைமரத்தைக் கம்பத்தோடு பிணைக்கும் இரும்புப் பட்டையையும் போல்ட்டையும் இதே பட்டியலில் சேர்த்தல் வேண்டும். தகடு சட்டத்தை விடாமல் பற்றியிருந்தும் சட்டமே பறந்து போவதுண்டு.

துளையைப் பள்ளத்தில் இடாமல் மேட்டில் இட வேண்டும் என்பதைக் கொல்லருக்குச் சொல்லி வைத்தல் நன்று; பள்ளத்தில் ஓடும் நீர் எந்த வாஷரையும் கடந்து ஒழுகும். கவிவின் திறந்த விளிம்பு, மழைக்காற்று வீசும் திசைக்குப் புறங்காட்டி நிற்க வேண்டும். ஆதலால் மேலைக் கரையில் தென்மேற்குப் பருவத்தையும், சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவத்தையும் எண்ணி, காற்று அகலும் முனையிலிருந்து தகடு வேய்தல் தொடங்கப்படும். செம்பு உப்பு ஏற்றிய மரத்தின்மேல் துத்தநாகப் பூச்சுத் தகடு நேரே படிந்தால் பூச்சு அரிக்கப்படும். இடையே தார்த்துணிப் பட்டை இடுவதற்கும் மதிப்பீட்டில் இடம் வேண்டும். அத்தகைய மரத்தின் வெட்டுத் துண்டுகளில் ஆர்சனிக் உள்ளதாகையால் அடுப்பெரிக்கவோ, தீவனத் தொட்டி செய்யவோ கூடாது.

வாங்கிய தகடுகளை அடுக்கி மழையில் விட்டால், இடுக்கில் தேங்கிய நீரால் வெண்துரு பிடித்து, கூரையேறும் முன்பே பூச்சு கெடும். உடனே வேய இயலாதாயின், தரையில் படாமல் கட்டைகளின்மேல் ஒரு முனையைச் சற்று உயர்த்தி, காற்றுப் புகும்படி மூடி வைக்கலாம்.