மூலப்படமும் மாற்றுப்படமும்

திரைப்படம் என்பது படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் மட்டும் உருவாவதன்று. படத்தொகுப்பு மேசையின் மீதும் உருவாகிறது. ஒரு காட்சியை நீக்கினாலோ இடம் மாற்றினாலோ கதையின் பொருளே மாறக்கூடும். அங்ஙனமாயின், ஒருவர் முடித்து வெளியிட்ட படத்தைப் பிறர் மாற்றியமைப்பது முறையா? அமெரிக்கத் திகில் படம் ஒன்றின் வரலாறு இவ்வினாவுக்கு விளக்கம் தருகிறது.

1968-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ரொமேரோ என்னும் இளைஞர், பிட்ஸ்பர்க் நகர நண்பர்களுடன் சேர்ந்து 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தை உருவாக்கினார். இறந்தவர்கள் எழுந்து வந்து உயிருள்ளோரைத் தின்னத் தலைப்படுகின்றனர். பண்ணைவீடு ஒன்றில் எழுவர் சிக்கிக்கொள்கின்றனர். இதுவே கதை. விநியோகம் செய்தோர் படத்தின் பழைய தலைப்பை மாற்றியபோது, அத்துடன் இருந்த பதிப்புரிமை அறிவிப்பும் விடுபட்டுவிட்டது. அறிவிப்பின்றி வெளியான படைப்புக்கு அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி உரிமை இல்லை. ஆகவே படம் பொதுச்சொத்தாயிற்று.

பின்னர்ப் பலரும் அதில் கைவைத்தனர். 1986-இல் அதற்கு வண்ணம் பூசப்பட்டது. 1999-இல், திரைக்கதையில் பங்குகொண்ட ஜான் ருஸ்ஸோ, சில காட்சிகளை நீக்கிப் புதுக் காட்சிகளையும் புது இசையையும் சேர்த்தார். ரொமேரோவுக்கு இதில் பங்கில்லை. 2009-இல் நூற்றுக்கு மேற்பட்ட ஓவியக் கலைஞர்கள் வேறொரு வழியைக் கண்டனர். பழைய ஒலியை அவ்வாறே வைத்துக்கொண்டு, காட்சிகளைத் தத்தம் பாணியில் வரைந்து இணைத்தனர். அவர்கள் படத்தைத் திருத்த முற்படவில்லை. தாம் கண்டவாறு அதற்கு உரை எழுதினர் எனலாம்.

மாற்றுவோர் கையில் உள்ள ஆற்றல் எத்தகையது? படத்தின் முடிவைக் காண்போம். டுவேன் ஜோன்ஸ் என்னும் கறுப்பின நடிகர் ஏற்ற பென் என்ற பாத்திரம் ஒன்றே அவ்விரவைக் கடந்து உயிர் பிழைக்கிறது. விடியலில் துப்பாக்கியேந்தி வந்த கூட்டத்தார், அவனையும் நடமாடும் பிணமென எண்ணிச் சுட்டு வீழ்த்துகின்றனர். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டில் மக்கள் இக்காட்சியைக் கண்டனர். இக்கடைசி நிமிடங்களை வெட்டிவிட்டால், எஞ்சுவது ஒரு வீரனின் வெற்றிக் கதை மட்டுமே. ஒரே வெட்டில் படத்தின் உயிர் போய்விடும்.

நல்வாய்ப்பாக மூலம் அழியவில்லை. 1999-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. 2016-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், செப்பனிட்ட படியைத் திரையிட்டது.

ஒரு நூலுக்கு உரைகள் பல எழலாம். ஆனால் எது மூலம், எது உரை என்பது தெரிய வேண்டும். திரைப்படத்துக்கும் அதுவே நெறி. மாற்றியவர் தம் மாற்றத்தை வெளிப்படச் சொல்ல வேண்டும். மூலமோ, நாடி வருவோர் அனைவருக்கும் என்றும் கிடைக்க வேண்டும்.