கூடைப்பந்தாட்ட வீரர்களின் ஊடகத் தரவரிசை

கூடைப்பந்தாட்ட வீரர்களின் ஊடகத் தரவரிசை என்பது தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட வீரர்களைச் செய்தியாளர்களும் விளையாட்டு ஊடகங்களும் முதலாமவர், இரண்டாமவர் என வரிசைப்படுத்தும் வழக்கம் ஆகும். வட அமெரிக்காவின் தேசிய கூடைப்பந்துச் சங்கத்தில் (என்.பி.ஏ.) இவ்வழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. இதில் இரண்டு வகைகள் உள்ளன. இதழ்களும் தொலைக்காட்சி நிறுவனங்களும் வெளியிடும் பட்டியல்கள் முதல் வகை. சங்கத்தின் விருதுகளுக்காகச் செய்தியாளர்கள் அளிக்கும் வாக்குகள் இரண்டாம் வகை. முதல் வகை இரசிகர்களின் விவாதங்களுக்குப் பொருளாகிறது. இரண்டாம் வகை வீரர்களின் ஊதியத்தையும் மாற்றக்கூடியது. "சிறந்த வீரர்" என்ற சொல்லுக்கு ஒவ்வொருவரும் வெவ்வேறு பொருள் கொள்வதே இவற்றைப் பற்றிய சர்ச்சைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஆகும்.

1961–62 பருவம்

இச்சிக்கலுக்குப் பழைய எடுத்துக்காட்டு 1961–62 பருவம் ஆகும். அப்பருவத்தில் பிலடெல்பியா வாரியர்ஸ் அணியின் நடு நிலை வீரர் வில்ட் சேம்பர்லென் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் பெற்றார். சின்சினாட்டி ராயல்ஸ் அணியின் ஆஸ்கர் ராபர்ட்சன் சராசரியாக 30.8 புள்ளிகளும், 12.5 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுதல்), 11.4 அசிஸ்ட்டுகளும் (சக வீரர் புள்ளி பெறப் பந்தளித்தல்) பெற்றார். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் நடு நிலை வீரர் பில் ரசல் பெற்றது சராசரியாக 18.9 புள்ளிகள் மட்டுமே. எனினும் மிகவும் மதிப்பான வீரர் விருது ரசலுக்கே கிடைத்தது.

அக்காலத்தில் இவ்விருதுக்கு வீரர்களே வாக்களித்தனர். பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட "ஆல்-என்.பி.ஏ." அணியைச் செய்தியாளர்கள் தேர்ந்தெடுத்தனர். அவர்கள் முதல் அணியின் நடு நிலைக்குச் சேம்பர்லெனையும் இரண்டாம் அணிக்கு ரசலையும் தேர்ந்தெடுத்தனர். ஒரே பருவத்தில், ஒரே இரு வீரர்களைப் பற்றி, களத்தில் எதிர்த்து ஆடியவர்களும் வெளியிலிருந்து பார்த்தவர்களும் எதிரான முடிவுக்கு வந்தனர். அவ்வாண்டுச் சாம்பியன் பட்டத்தைப் பாஸ்டன் அணி வென்றது. 1980–81 பருவத்திலிருந்து மிகவும் மதிப்பான வீரர் விருதுக்கான வாக்குரிமை செய்தியாளர்களிடம் சென்றது.

கேள்வியும் விடையும்

ஒரு தரவரிசை எந்தக் கேள்விக்கு விடையளிக்கிறது என்பதைப் பொறுத்து அதில் வீரரின் இடம் மாறும். இதற்குக் கோபி பிரயன்ட் சிறந்த எடுத்துக்காட்டு ஆவார். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் புள்ளிபெற்ற பின்காவல் நிலையில் ஆடிய பிரயன்ட்டுக்கு 2013 ஏப்ரலில் குதிகால் தசைநாண் அறுந்தது. ஈ.எஸ்.பி.என். நிறுவனம் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வெளியிட்ட பட்டியலில் 2013 இல் அவர் 25 ஆம் இடத்திலும், 2014 இல் 40 ஆம் இடத்திலும், 2015 இல் 93 ஆம் இடத்திலும் வைக்கப்பட்டார். ஐந்து சாம்பியன் பட்டங்கள் வென்ற வீரரை அவமதித்ததாக இரசிகர்கள் பலர் கொதித்தனர். அப்பட்டியல் வரவிருக்கும் பருவத்தில் யார் எவ்வளவு சிறப்பாக ஆடுவார் என்ற எதிர்பார்ப்பை மட்டும் அளந்தது. இரசிகர்கள் அதனை அவரது வாழ்நாள் ஆட்டத்தின் மீதான தீர்ப்பாகப் படித்தனர். 2020 இல் அதே நிறுவனம் வெளியிட்ட, எக்காலத்துக்குமான சிறந்த வீரர்களின் பட்டியலில் பிரயன்ட் 9 ஆம் இடம் பெற்றார். இரு பட்டியல்களின் கேள்விகளும் வேறானவை என்பதால் 93, 9 ஆகிய இரு எண்களுக்கும் இடையில் முரண்பாடு இல்லை.

"மதிப்பு" என்ற சொல்லும் இவ்வாறே பொருள் மாறக்கூடியது. 2005 இல் பீனிக்ஸ் சன்ஸ் அணியின் பந்துகையாளி பின்காவல் ஸ்டீவ் நாஷ், மயாமி ஹீட் அணியின் ஷகீல் ஓனீலை 1066–1032 என்ற வாக்குப்புள்ளிக் கணக்கில் முந்தி விருதைப் பெற்றார். தனிப்பட்ட புள்ளிகளில் ஓனீல் முன்னணியில் இருந்தார். ஆனால் நாஷ் சேர்ந்த பின்னர் பீனிக்ஸ் அணியின் வெற்றிகள் ஒரே ஆண்டில் 29 இலிருந்து 62 ஆக உயர்ந்தன. ஓனீல் சேர்ந்த மயாமி அணியின் வெற்றிகள் 42 இலிருந்து 59 ஆயின.

புள்ளிவிவரங்களின் எல்லை

வெவ்வேறு காலத்து வீரர்களை எண்களால் ஒப்பிடுவதற்குத் தடைகள் உள்ளன.

எதிரணியினர் எறியும் பந்தைத் தடுத்தல், பந்தைப் பறித்தல் ஆகியவை 1973–74 பருவத்திலிருந்தே என்.பி.ஏ. பதிவுகளில் இடம்பெற்றன. ரசல் 1969 இலும் சேம்பர்லென் 1973 இலும் ஓய்வு பெற்றதால், தடுப்பாட்டத்தில் புகழ்பெற்ற இவ்விருவரின் தடுப்புகளுக்கு அதிகாரப்பூர்வக் கணக்கு இல்லை.

மூன்று புள்ளி எறிதல் 1979–80 பருவத்தில் அறிமுகமானது. அதற்கு முன்னர் தொலைவிலிருந்து எறிந்த பந்துகளுக்கும் இரண்டு புள்ளிகளே வழங்கப்பட்டன.

1961–62 பருவத்தில் சங்கத்தில் 9 அணிகளே இருந்தன. 2004 முதல் 30 அணிகள் உள்ளன. ஆகவே ஒரு சாம்பியன் பட்டம் வெல்வதன் கடினமும் காலத்துக்கேற்ப மாறியுள்ளது.

இரசிகர்களின் வாதங்கள்

இரசிகர் விவாதங்களில் அதிகம் இடம்பெறுவது மைக்கல் ஜார்டன், லெப்ரான் ஜேம்ஸ் ஆகியோரின் ஒப்பீடு ஆகும். ஜார்டனை ஆதரிப்போர், அவர் ஆறு இறுதிச்சுற்றுகளில் ஆடி ஆறிலும் வென்றதைச் சுட்டுவர். ஜேம்ஸை ஆதரிப்போர், அவரது நீண்ட காலத் தொடர்ச்சியையும், 2023 பெப்ரவரியில் கரீம் அப்துல்-ஜப்பாரின் 38,387 புள்ளிகளைக் கடந்து சாதனை படைத்ததையும் எடுத்துக்காட்டுவர். முன்னவர்கள் உச்சத்தை அளக்கிறார்கள். பின்னவர்கள் நீளத்தை அளக்கிறார்கள்.

பட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், 11 பட்டங்கள் வென்ற ரசலே முதலாமவர். ஆனால் அதே அளவுகோலின்படி, ஏழு பட்டங்கள் வென்ற ராபர்ட் ஹாரி ஜார்டனுக்கு மேலே வைக்கப்படவேண்டும். ஹாரி பயனுள்ள துணை வீரராகவே அறியப்படுபவர். பட்டம் அணிக்கு உரியது. அதில் ஒரு வீரரின் பங்கு எவ்வளவு என்பதைத் தனியே காட்டவேண்டியுள்ளது என்பதே இவ்வாதத்தின் பயன் ஆகும்.

வரிசையிடாத பட்டியல்கள்

சங்கம் தனது 50 ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1996 இல் 50 சிறந்த வீரர்களை அறிவித்தபோது அவர்களை வரிசைப்படுத்தவில்லை. இருப்பினும் சர்ச்சை எழுந்தது. நான்கு பருவங்களே ஆடியிருந்த ஓனீல் சேர்க்கப்பட்டதும், டொமினிக் வில்கின்ஸ், பாப் மெக்காடூ ஆகியோர் விடுபட்டதும் குறைகூறப்பட்டன. 2021 இல் வெளியான 75 ஆம் ஆண்டுப் பட்டியலில் வில்கின்சும் மெக்காடூவும் இடம்பெற்றனர். வாக்குகள் சமமானதால் அப்பட்டியலில் 76 பேர் இருந்தனர். இடம்பெறாத கிளே தாம்ப்சன், தாமே 77 ஆவது வீரர் என்று உணர்த்தும் வகையில் அவ்வெண் பொறித்த மேலாடையை அணிந்தார்.

வாக்குரிமை யாருக்கு?

ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் தொடக்க வீரர்களை நெடுங்காலம் இரசிகர் வாக்குகளே தீர்மானித்தன. 2016 இல், துணை வீரராகவே கருதப்பட்ட ஜார்ஜியா நாட்டு வீரர் சாசா பச்சூலியா அவ்வாக்குகளில் தொடக்க வீரர் இடத்தை நெருங்கினார். 2017 இல் இரசிகர் வாக்குகளுக்குப் பாதியும், வீரர்கள், ஊடகத்தினர் ஆகியோருக்குத் தலா கால்பங்கும் என விதி மாற்றப்பட்டது. அவ்வாண்டும் மேற்குப் பிரிவு முன்நிலை வீரர்களில் இரசிகர் வாக்குகளின்படி பச்சூலியா இரண்டாமிடம் பெற்றார். புதிய விதியினால் அவர் தேர்வாகவில்லை.

வாக்கும் ஊதியமும்

2017 இல் நடைமுறைக்கு வந்த ஊதிய ஒப்பந்தத்தின்படி, ஆல்-என்.பி.ஏ. அணியில் இடம்பெறுதல் போன்ற தகுதிகளைப் பெற்ற வீரர்கள் சிலர் தமது அணியிடம் வழக்கமான உச்சவரம்பைவிட அதிக ஊதியம் பெறலாம். எட்டு அல்லது ஒன்பது ஆண்டு அனுபவமுள்ள வீரருக்கு அணி ஊதிய வரம்பில் 30 விழுக்காடாக இருக்கும் உச்சம் 35 விழுக்காடாக உயரும். 2019 இல் கிளே தாம்ப்சனும், 2021 இல் ஜேசன் டேட்டமும் ஆல்-என்.பி.ஏ. அணிகளில் இடம்பெறாததால் தலா சுமார் 3 கோடி டாலர் பெறும் வாய்ப்பை இழந்தனர். தாங்கள் செய்தி சேகரிக்கும் வீரர்களின் வருமானத்தைச் செய்தியாளர்களே தீர்மானிப்பது முறையா என்ற கேள்வி இதனால் வலுப்பெற்றது. சில அமெரிக்க நாளிதழ்கள் தம் நிருபர்கள் இவ்விருதுகளுக்கு வாக்களிப்பதை அனுமதிப்பதில்லை.

விதி மாற்றங்கள்

2014 முதல் ஒவ்வொரு செய்தியாளரும் யாருக்கு வாக்களித்தார் என்பதைச் சங்கம் வெளியிட்டு வருகிறது. 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மிகவும் மதிப்பான வீரர் வாக்கெடுப்பில் இரண்டாமிடம் பெற்ற ஜோயல் எம்பீட், முதலிடம் பெற்ற நிக்கோலா யோக்கிச்சும் நடு நிலை வீரராக இருந்ததால், ஆல்-என்.பி.ஏ. இரண்டாம் அணியிலேயே இடம்பெற்றார். 2023–24 பருவம் முதல் இவ்வணிகளுக்கான ஆட்ட நிலைப் பிரிவுகள் நீக்கப்பட்டன. முக்கிய விருதுகளைப் பெறப் பொதுவாக 65 ஆட்டங்களாவது ஆடியிருக்கவேண்டும் என்ற விதியும் அப்பருவத்திலேயே நடைமுறைக்கு வந்தது.