முன்கூடமும் ஸோபாவும்

தலைநகரில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் முன்கூடம் ஒன்றே பல காரியங்களுக்கு இடம் தருகிறது. விருந்தினர் அமர்வதும், பிள்ளைகள் படிப்பதும், ஊரிலிருந்து வந்த உறவினர் இரவில் பாய் விரிப்பதும், நவராத்திரியில் கொலுப்படி எழுவதும் அங்கேதான். 10 அடிக்கு 12 அடி கொண்ட அத்தகைய கூடத்துக்கு ஸோபா வாங்கி நாம் பட்ட பாட்டை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கீர்த்தி நகரில் கடை கடையாக ஏறி இறங்கினோம். மூவர் அமரும் ஸோபா ஒன்றும், ஒற்றை ஸோபா இரண்டும் சேர்ந்த ஸெட்டையே எங்கும் காட்டினார்கள். "இவ்வளவு பெரிதா?" என்று இல்லத்தரசி தயங்கினார். மெத்தையின் மென்மையில் மயங்கிய நமக்கு அது காதில் விழவில்லை. கூடத்தில் நடக்க வழியில்லாமற் போயிற்று, அதையாவது பொறுத்திருப்போம்.

நம் அன்னையார் முழங்கால் வலி உடையவர். தரையில் அமர்ந்தே பழகியவர். ஆயினும் தில்லியின் தை மாதக் குளிரில் தரை அவருக்கு ஆகாது. ஸோபாவில் உட்கார்ந்தாலோ அமிழ்ந்துவிடுவார். ஒருநாள் விருந்தினர் எதிரில் இருமுறை முயன்றும் எழ மாட்டாமல் கூசிப்போனார். அதன்பின் யார் வந்தாலும் அடுக்களையிலேயே தங்கிவிட்டார். "அம்மா ஊருக்குப் போய்விட்டாரா?" என்று நண்பர் ஒருவர் வினவியபோதுதான் நமக்கு உறைத்தது.

உடனே அளவு நாடாவை எடுத்தோம். ஆள் அமர்ந்தபின் இருக்கையின் உயரம் 13 அங்குலமே இருந்தது. சாப்பாட்டு நாற்காலியோ 18 அங்குலம். இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கினால் முதியோர் எழுவது கடினம். ஆழமும் கவனிக்கத்தக்கது. 24 அங்குல ஆழமான இருக்கையில் குள்ளமானவர் முதுகு சாய்ந்தால் கால் தரையில் பாவாது. 20 அங்குலம் போதும். ஊன்றி எழுவதற்குக் கைப்பிடி முன்விளிம்பு வரை நீண்டிருத்தல் வேண்டும்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கு மலிந்த சீசம் மரத்தின் வைரப்பகுதி கறையானைத் தாங்கும்; வெளிறிய வெளிமரம் தாங்காது. உலராத மரமாயின் கோடை வறட்சியில் சுருங்கி மூட்டு விலகும். மாற்றலாகும் உத்தியோகஸ்தர்கள் திருகாணி கழற்றிப் பிரிக்கத்தக்கதாகக் கேட்டு வாங்குதல் நலம்.

ஒற்றை ஸோபாக்கள் இரண்டையும் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, பிரம்பு பின்னிய கைநாற்காலிகள் இரண்டு வாங்கினோம். நஷ்டந்தான். பெரிய ஸோபாவின் மெத்தைக்கடியில் பிளைவுட் பலகை வைத்து, கால்களுக்கு 3 அங்குலக் கட்டை பூட்டினோம். ஸோபாவும் நாற்காலியும் ஒரே துணி போர்த்தியிருக்க வேண்டுவதில்லை. இருக்கைகள் ஏறக்குறைய ஒரே மட்டமாகவும், மரத்தின் சாயம் ஒத்தும் இருந்தால் கூடம் தானே இசைந்துவிடும்.

ஜன்னலோர நாற்காலி அன்னையாருடையதாயிற்று. சென்ற நவராத்திரியில் தாம்பூலத் தட்டுடன் அங்கே வீற்றிருந்து, வந்த பெண்டிரை ஒவ்வொருவராகப் பாடச் சொன்னார். மற்றொரு நாற்காலி இலேசானது. கொலுப்படிக்கு இடம்விட்டுத் தாழ்வாரத்துக்குப் போயிற்று.