வஸ்வாஸும் கம்பஸின் ஆலோசனை அறையும்

நமது பல்கலைக்கழகங்களில் 'மாணவர் ஆலோசகர்' என்றொரு பதவி உண்டு. அதில் இருப்பவர் பெரும்பாலும் ஒரு விரிவுரையாளர். பாடம் நடத்துவதோடு மேலதிகமாக இதையும் பார்ப்பார். ஹொஸ்டல் பிரச்சினை, பகிடிவதை முறைப்பாடு, மஹபொல தாமதம் எல்லாம் அவரிடம்தான் வரும். சில வருடங்கள் நானும் அந்தக் கதிரையில் இருந்தேன். உளவளத்துணையாளர் என்பவர் வேறு. அவர் அதற்கென்றே பயின்றவர், உங்களுக்குப் புள்ளி போடுகிறவர் அல்ல. இருவரையும் ஒருவராக நினைத்துத்தான் பல பிள்ளைகள், "சேர்ட்ட போய்ச் சொன்னா எக்ஸாம்ல பிரச்சினையாகும்" என்று வாய் திறப்பதில்லை.

என்னிடம் வந்தவர்களில் யாரும் "எனக்கு மனநோய்" என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. தலையிடி, நித்திரையில்லை, நெஞ்சு படபடக்குது என்றுதான் கதை தொடங்கும். நம் பிள்ளைகளிடம் இன்னொன்றும் கண்டேன். சுபஹுக்கு வுழூச் செய்யப் போனவன் முக்கால் மணித்தியாலமாகியும் பைப்படியிலேயே நிற்பான். கை நனைந்ததா, முழங்கை விடுபட்டதா என்ற சந்தேகம். ஜமாஅத் முடிந்துவிடும், முதல் விரிவுரையும் போய்விடும். கூட்டாளிமார் அவனைப் பேணுதலானவன் என்பார்கள். அவனோ உள்ளுக்குள் செத்துக்கொண்டிருப்பான். வீட்டில் சொன்னால், "பார்வை பட்டிருக்கு, ஓதிப் பாப்பம்" என்பார்கள். ஓதட்டும், அதில் எனக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிடுவதில்தான் வருடக்கணக்கு வீணாகிறது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். அபூ ஸைத் அல்-பல்கீ (850–934) உடல், உள்ளம் இரண்டின் நலன் பற்றியும் எழுதிய நூலில், மனதை விடாமல் அரிக்கும் எண்ணங்களுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். வஸ்வாஸுக்கு ஆட்பட்டவர்களைப் பற்றி இப்னு குதாமாவும் தனியாக எழுதியிருக்கிறார். ஆகவே, இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வருத்தம் என்ற பேச்சு சரியல்ல.

உளவளத்துணையாளரின் அறையில் என்ன நடக்கும்? முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்தான். எப்போது தொடங்கியது, நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்றும் நேரடியாகக் கேட்பார். பயப்பட வேண்டாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சொல்வது வாப்பாவுக்கோ பீடாதிபதிக்கோ போகாது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் அந்த இரகசியம் தளரும், அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். பெண் பிள்ளைகள் பெண் ஒருவரிடம் பேச வேண்டுமென்று கேட்கலாம்.

வஸ்வாஸுக்கான பயிற்சி கேட்க இலேசானது, செய்யக் கடினமானது. வுழூவை ஒரு தரம் செய்துவிட்டு, சந்தேகம் இருக்கும்போதே பைப்பைப் பூட்டிவிட்டு நடக்க வேண்டும். படபடப்பு ஏறும், திரும்பிப் போகாமல் நின்றால் மெல்ல இறங்கும். இதைச் சிறிது சிறிதாகப் பழக்குவார்கள். உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்ற பிக்ஹ் விதி நமக்குப் புதிதல்லவே! விளங்கிய மௌலவி ஒருவர் இந்த இடத்தில் பெரிய துணை.

உளவளத்துணையாளர் மருந்து தருவதில்லை. தேவைப்பட்டால் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்குக்கு அனுப்புவார், அங்கு கட்டணமில்லை. இந்த வருத்தத்துக்கு மாத்திரையின் பலன் தெரிய இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். பத்து நாளில் "வேலை செய்யல்ல" என்று குப்பையில் போடாதீர்கள்.

குறைகளும் உண்டு. என் பார்வையில் மொழிதான் பெரிய குறை. சிங்களப் பகுதியிலுள்ள கம்பஸில் தமிழ் பேசும் உளவளத்துணையாளர் கிடைப்பது அரிது. உம்மா மவுத்தானதைப் பரீட்சைக்குப் படித்த மொழியில் சொல்லிப் பாருங்கள், தெரியும். அதற்கடுத்தது ஊரின் வாய். "அங்கொடைக்குப் போனவள்" என்று ஒரு சொல் பரவினால் கலியாணப் பேச்சு நின்றுவிடும் என்று உம்மாமார் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. அதனால்தான் பல பிள்ளைகளுக்கு ஊர் ஆஸ்பத்திரியை விட, யாரும் அறியாத கம்பஸ் அறை வாய்ப்பாக இருக்கிறது.

அறை பூட்டியிருக்கும் இரவுகளில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். 24 மணித்தியாலமும் ஆள் இருக்கும்.