சங்கிலிச் சத்தம் கேட்டதும் நாய் ஏன் ஓடி வருகிறது?

கே.கே. நகர் தெருக்களில் விடியற்காலையில் நாயோடு நடப்பவர்களைப் பாருங்கள். திரும்ப வேண்டிய முனை வருமுன்பே நாய் அந்தப் பக்கம் இழுக்கும். வீட்டில் ஆணியில் மாட்டிய சங்கிலி லேசாகக் குலுங்கினாலே வாசலில் வந்து நிற்கும்.

எப்படி? ஒரு சத்தம், ஒரு செயல், ஒரு பலன். மூன்றும் அதே வரிசையில் தினமும் நடந்தால், மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா என்ற பகுதி அவற்றை ஒரே கோவையாக்கிவிடுகிறது. முதலில் பிஸ்கட் கிடைத்தபோது சுரந்த டோபமின் என்ற மூளை ரசாயனம், நாளடைவில் டப்பா திறக்கும் சத்தத்துக்கே சுரக்கிறது. இதைப் போலவே, செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி பாவ்லோவ், உணவு வருமுன்பே நாய்களுக்கு எச்சில் ஊறுவதைக் கவனித்தார்.

நாம் சாப்பிடும்போது பக்கத்தில் வந்து கெஞ்சுவதும் நாம் பழக்கியதுதான். தினமும் கொடுத்து ஒரேயடியாக நிறுத்தினால் நாய் சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது ஒரு இட்லித் துண்டு கிடைத்தால்தான் ஆபத்து: இன்று கிடைக்குமோ என்ற எதிர்பார்ப்பு பழக்கத்தை இறுக்கிவிடும். தாத்தா ஒருவர் ரகசியமாகக் கொடுத்தாலே போதும்.

திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் பேசிவைத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். நாம் சாப்பிடும் அதே நேரத்தில் நாயின் தட்டை வேறு இடத்தில் வையுங்கள்.