பூனைகளின் உணவு நாட்டம்

வீட்டுப் பூனை ஒரு கட்டாய ஊனுண்ணி ஆகும். எனினும், பச்சை இறைச்சியும் மீனும் தின்று வளரும் பூனைகள்கூடத் தயிர்சோறு, வெண்ணெய், கருவாடு போன்ற மனித உணவுகளை நாடுவதுண்டு.

சுவை: பூனையால் இனிப்பை உணர முடியாது. இனிப்பை உணர்த்தும் இரு மரபணுக்களுள் ஒன்று பூனையில் செயலிழந்துள்ளதை, பிலடெல்பியாவிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தினர் 2005இல் வெளியிட்டனர். எனவே பூனை பாயசத்தை நக்கினால் அதை ஈர்ப்பது சர்க்கரையன்று. பாலின் கொழுப்பும் மணமுமே எனலாம்.

ஊட்டம்: டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு உருவாக்குவதில்லை. அது குறைந்தால் விழித்திரை சிதையும் என்பது 1975இலும், இதயத் தசை நலியும் என்பது 1987இலும் கண்டறியப்பட்டன. இறைச்சியிலும் மீனிலும் டாரின் உண்டு, சோற்றில் இல்லை. ஆகவே தயிர்சோற்றை மட்டுமே உண்ணும் பூனை, வயிறு நிறைந்தாலும் நாளடைவில் பார்வை இழக்கக்கூடும்.

தீங்கு: வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். சமைத்தாலும் இந்நச்சுத்தன்மை நீங்குவதில்லை. மீன் குழம்பு ஊற்றிய சோற்றைப் பூனை விரும்பித் தின்றாலும் அது ஏற்றதன்று. குழம்பில் இடும் முன்பே ஒரு துண்டு மீனை எடுத்து, உப்பின்றி வேகவைத்து, முள் நீக்கித் தருவதே நலம்.