கூட்டம் உள்ள பக்கம் சாயும் இணையம்

தம்புள்ளையில் அடித்த பந்து மாத்தளைக்கு எந்த வழியாக வருகிறது? அந்த வழியில் எண்ணப்படுபவர் யார், விடுபட்டுப் போகிறவர் யார்?

2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. தம்புள்ளை ரங்கிரி மைதானத்தில் பெண்கள் ஆசியக் கிண்ண இறுதி ஆட்டம். இந்தியா எடுத்த 165 ஓட்டங்களை இலங்கை இரண்டே விக்கெட்டுகளை இழந்து தாண்டியது. சமரி அத்தபத்து 61, ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69. இலங்கைப் பெண்கள் அணிக்கு அதுவே முதல் ஆசியக் கிண்ணம்.

மைதானத்திலிருந்து மாத்தளை நகரம் ஏறத்தாழ 45 கிலோமீற்றர்தான். ஆனால் நகரத்தில் ஒருவர் அந்த ஆட்டத்தைக் கைபேசியில் பார்த்திருந்தால், காட்சி ஏ-9 வீதி வழியே நேராக வந்திருக்காது. முதலில் ஒளிபரப்பாளரின் கூடத்துக்குப் போயிருக்கும். அங்கே ஒரு சில விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, வேகமான இணைப்புக்கு ஒன்று, மெதுவான இணைப்புக்கு ஒன்று எனப் பல தரங்களில் தயாராகியிருக்கும். பிறகு பல நாடுகளிலுள்ள சேவையகங்களில் நகல்கள் ஏறி, அவற்றில் பக்கத்தில் இருந்ததிலிருந்து கைக்கு வந்திருக்கும். மைதானத்தில் கைதட்டி ஓய்ந்த பிறகுதான் திரையில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும்.

இப்படி நகல்களை ஊர்தோறும் வைத்து வழங்கும் ஏற்பாட்டுக்கு உள்ளடக்க விநியோக வலையமைப்பு என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் சி.டி.என். என்று சுருக்கிவிடுவார்கள்.

போய்த் திரும்பும் சுமை

மலையகத்தில் விளைந்த லீக்ஸும் கரட்டும் லொறியில் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு இறங்கி, அங்கே விலை பேசப்பட்டு, மறுபடியும் மலையேறி கண்டிக் கடைக்கு வருவதை மாத்தளை மாவட்டத்தார் அறிவார்கள். ஆரம்பகால இணையமும் இதே கதைதான். கண்டியில் ஒருவர் நடத்தும் இணையத்தளம் அமெரிக்காவில் வாடகைக்கு எடுத்த சேவையகத்தில் இருக்கும். மாத்தளையில் இருப்பவர் அதைத் திறந்தால் கோரிக்கை கடல் கடந்து போய், பக்கம் கடல் கடந்து வரும்.

கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரை 14,000 கிலோமீற்றருக்கும் அதிகம். நேர்கோட்டில் போய்வந்தாலே 140 மில்லிவிநாடி ஆகும். கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதுமில்லை. தளத்தின் முதல் எழுத்து திரைக்கு வருமுன் கைபேசியும் சேவையகமும் இரண்டு மூன்று தடவை பேசிக்கொள்ள வேண்டும். அதன் பின்னர்தான் படங்கள், எழுத்துருக்கள், விளம்பரங்கள் எல்லாம். சிறு தாமதங்கள் சேர்ந்து விநாடிக் கணக்கில் நிற்கும்.

வழி அறுந்தால் நிலைமை இன்னும் மோசம். 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே கப்பலொன்றின் நங்கூரம் கேபிளை இழுத்து அறுத்தபோது நாடே இணையமின்றித் தவித்தது. இன்று கல்கிசை, கொழும்பு, மாத்தறை என்று கேபிள்கள் கரையேறும் இடங்கள் பல உள்ளன. ஆனாலும் ஒவ்வொரு படத்துக்கும் கடலைத் தாண்டுவது வீண்செலவுதான்.

இதற்கு விடை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்தது. இணைய நெரிசலைத் தீர்க்க வழி தேடும்படி 1995இல் அங்கே சக ஆய்வாளர்களைக் கேட்டவர், வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ. கணித அறிஞர் டொம் லெய்ட்டனும் அவரது மாணவர் டேனியல் லெவினும் அதில் இறங்கினார்கள். எந்த நகல் எந்தச் சேவையகத்தில் இருக்க வேண்டும், ஒன்று செயலிழந்தால் மற்றவற்றைக் குழப்பாமல் அதன் பங்கை மட்டும் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதற்கு அவர்களின் குழு 1997இல் ஒரு கணித முறையை வெளியிட்டது. அந்த முறையை வைத்து 1998இல் அக்கமாய் நிறுவனம் உருவானது. 2001 செப்டெம்பர் 11இல் கடத்தப்பட்ட முதல் விமானத்தில் லெவின் இருந்தார். 31 வயதில் இறந்தார். அன்று உலகமே செய்தித் தளங்களை மொய்த்தபோது அவற்றைத் தாங்கிப் பிடித்ததில் அவர் கட்டியெழுப்பிய வலையமைப்புக்கும் பங்குண்டு.

இப்போது கூகுள், பேஸ்புக், நெட்பிளிக்ஸ் போன்றவை தமது நகல் பெட்டிகளை இணைய சேவை நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கின்றன. இலங்கையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கணினியில் பேஸ்புக் படம் ஒன்றைத் தனிப் பக்கத்தில் திறந்து முகவரிப் பட்டையைப் பாருங்கள். நீண்ட முகவரியின் நடுவே பெரும்பாலும் 'எப்.சி.எம்.பி.' என்ற எழுத்துகள் இருக்கும். அதில் சி.எம்.பி. என்பது கட்டுநாயக்க விமான நிலையத்தின் குறியீடு. படம் கலிபோர்னியாவிலிருந்து வரவில்லை, கொழும்புப் பெட்டியிலிருந்து வந்தது என்று அர்த்தம்.

தோனி நடந்து வெளியேறியபோது

ஒவ்வொரு கோரிக்கையும் இந்தப் பெட்டிகளைத் தொட்டுப் போவதால், அவை கூட்டத்தின் நாடியையும் பிடித்துப் பார்க்கின்றன. பிரபலமான உதாரணம் 2019 ஜூலை 10. உலகக் கிண்ண அரையிறுதியில் நியூஸிலாந்துக்கு எதிராக இந்தியா தடுமாறிக்கொண்டிருந்தது. தோனி களத்தில் நிற்கும்வரை, ஆட்டத்தை இணையத்தில் ஒளிபரப்பிய ஹொட்ஸ்டாரில் ஆட்கள் ஏறிக்கொண்டே போனார்கள். ஒரே நேரத்தில் 2 கோடியே 53 இலட்சம் பேர். மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து விக்கெட்டைச் சாய்த்தது. தோனி ரன் அவுட். சிறிது நேரத்தில் கூட்டம் 10 இலட்சத்துக்கும் கீழே போய்விட்டதாக அந்நிறுவனப் பொறியியலாளர்கள் பின்னர் விவரித்தார்கள்.

அவர்களுக்குத் தலைவலி கொடுத்தது, கூட்டம் ஏறியதைவிடக் கலைந்த விதம். ஆட்டத்தின் காட்சி எல்லோருக்கும் ஒன்றுதான். நகலெடுத்து வைத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் மனமுடைந்த கோடிப் பேர் பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் ஒரே சமயத்தில் முகப்புப் பக்கத்துக்கு வந்து விழுவார்கள். முகப்புப் பக்கமோ ஆளுக்கேற்ப மாறுவது. நகலில் முழுதும் அடங்காது. இரசிகர்களின் ஏமாற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் சேவையகங்களை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டியிருந்தது.

இலங்கையின் இணையப் போக்குவரத்தைக் காட்டும் வரைபடக் கோடுகள் வேறு கதைகளைச் சொல்கின்றன. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனவில் நடந்த முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின் நடுவிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2022இல் முடக்கம் ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. அதற்குள் மக்கள் வி.பி.என். வழியாகச் சுற்றிப் போகக் கற்றுவிட்டார்கள். அப்படிப் போகிறவர் கணக்கில் சிங்கப்பூர்க்காரராகவோ அமெரிக்கராகவோ தெரிவார். வரைபடத்தில் இலங்கையர் குறைவார்கள், பேச்சு குறையாது.

2025 பெப்ரவரி 9 முற்பகலில் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மாட்டிக்கொள்ள, நாடு முழுக்க கரண்ட் போனது. இலங்கையின் இணையப் போக்குவரத்துக் கோடும் சட்டென்று சரிந்தது. கடலடிக் கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டு ரூட்டர்கள் அணைந்திருந்தன, அவ்வளவுதான். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் திட்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது மாத்தளை மாவட்டமும் மண்சரிவில் சிக்கியது. மலைப் பிரதேசங்களில் மின்சாரம் போய், சிக்னல் போய், உறவுகளின் குரல் கேட்க முடியாமல் வெளியூரில் இருந்தவர்கள் துடித்தார்கள். மிக அதிகமாகப் பேச வேண்டியிருந்த ஊர்கள்தாம் அந்த நாட்களில் கணக்கில் மிகக் குறைவாகப் பதிவாகியிருக்கும்.

வரைபடத்தில் இல்லாத மாத்தளை

இந்தக் கோடுகளை வைத்துத்தான் விளம்பரக் காசு பகிரப்படுகிறது. எந்தச் செய்திக்கு ஆள் போடுவது, எந்த மொழிப் பக்கத்தை மூடுவது என்று முடிவாகிறது. அவை எதை அளக்கின்றன?

முதலில், ஆட்களை அளப்பதில்லை. 2024இல் உலக இணையப் போக்குவரத்தில் 51 சதவீதம் தானியங்கி நிரல்களுடையது என்று இம்பேர்வா நிறுவனம் கணக்கிட்டது. மனிதர்களை எண்ணும்போதும் அளவுகோல் வளையும். ஒருவர் பார்த்த சராசரி நேரத்தைக் கணக்கிடும்போது, மூன்று விநாடிக்குள் கடந்து போனவர்களை விட்டுவிட்டு எண்ணியதாக 2016இல் பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. சராசரி பெரிதாக ஊதியிருந்தது. யூடியூப் 2012இல் 'எத்தனை பேர் திறந்தார்கள்' என்பதைப் பின்தள்ளி 'எவ்வளவு நேரம் பார்த்தார்கள்' என்பதை முன்வைத்தது. இது தேவலாம். ஆனாலும் அழுதுகொண்டு பார்த்தாரா, ஓடவிட்டு அடுப்படிக்குப் போனாரா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது, ஊரை அளப்பதில்லை. கைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே இணைய முகவரியின் பின்னால் வைக்கின்றன. அந்த முகவரி பெரும்பாலும் கொழும்பில் இருப்பதாகவே காட்டும். மாத்தளை மாவட்டத்து ரத்தோட்டையிலிருந்தோ எல்கடுவையிலிருந்தோ வாசிப்பவர் தள உரிமையாளரின் அறிக்கையில் கொழும்புவாசியாகிவிடுவார். தோட்ட லயத்தில் ஒரு போனை அம்மா, இரண்டு பிள்ளைகள், பக்கத்துக் காம்பிரா அக்கா என்று நாலு பேர் பார்த்தால் கணக்கில் ஒருவர்.

மூன்றாவதுதான் முக்கியம். டேட்டா முடியும் நிலையில் இருப்பவர் வீடியோவைப் பாதியில் நிறுத்துவார். இரவு டேட்டா மலிவு என்று நடுநிசியில் தரவிறக்குவார். ரீலோட் போடும்வரை இரண்டு நாள் வரவே மாட்டார். அறிக்கை இதையெல்லாம் 'ஈடுபாடு குறைவு' என்று வாசிக்கும். கையில் காசில்லாததை மனதில் ஆர்வமில்லாததாகப் புரிந்துகொள்ளும் கணக்கு அது.

நகல் பெட்டியின் வேலை முறை இந்தச் சாய்வை இன்னும் இறுக்குகிறது. பெட்டியில் இடம் அளவானது. அடிக்கடி கேட்கப்படுவது தங்கும். நெடுநேரம் யாரும் கேட்காதது வெளியேற்றப்படும். புதுப்படப் பாடல் கொழும்பிலேயே தயாராக இருக்கும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகப் பஞ்சரத பவனியை எடுத்துக்கொள்ளுங்கள். தேர் வலம் வரும் நாளில் வீதி கொள்ளாத சனம். அதன் பழைய பதிவை ஒரு வருடம் கழித்துத் தேடுபவரோ டொரொன்டோவில் ஒருவர், இலண்டனில் இருவர், உக்குவளையில் ஒருவர். எந்த ஊர்ப் பெட்டியிலும் அது தங்காது; ஒவ்வொரு தடவையும் தூரத்துக் கிடங்கிலிருந்து வர வேண்டும். நல்ல இணைப்பில் வித்தியாசம் தெரியாது. மலைச்சரிவின் ஒற்றைக் கோடு சிக்னலில் தெரியும். சுற்றிச் சுற்றி நிற்கும், பார்ப்பவர் வெளியேறுவார், பார்த்த நேரம் குறையும், பரிந்துரையில் இறங்கும், இன்னும் குறைவானவர்களே பார்ப்பார்கள். சிறிய மொழிகளும் சிறிய ஊர்களும் இந்தச் சுழலில்தான் பின்னுக்குப் போகின்றன. யாரும் திட்டமிட்டுத் தள்ளவில்லை. கூட்டத்தின் பக்கம் சாயும்படி இயந்திரம் அமைந்திருக்கிறது.

செய்யக்கூடியவை

கோயில், பாடசாலை, பிரதேச சபை, உள்ளூர்ப் பத்திரிகை என்று தளம் வைத்திருப்பவர்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கிளவுட்பிளேர் 2010இல் தொடங்கியதிலிருந்து சிறு தளங்களுக்கு இலவசமாகவே விநியோக சேவை தருகிறது. கொழும்பிலும் அதற்குத் தரவு மையம் உண்டு. ஆனால் ஒரே நிறுவனத்தில் முழுதும் சாய்வதும் ஆபத்து. 2021 ஜூன் 8இல் இன்னொரு விநியோக நிறுவனமான பாஸ்ட்லியும் 2025 நவம்பர் 18இல் கிளவுட்பிளேரும் சறுக்கியபோது உலகின் பெரிய தளங்கள் வரிசையாக விழுந்தன. மூலப் பிரதி எப்போதும் நம் கையில் இருக்க வேண்டும்.

அதைவிட எளிது, சுமையைக் குறைப்பது. தமிழில் ஓர் எழுத்துக் குறியீட்டுக்கு 3 பைட் போகும். பத்தாயிரம் குறியீடுகள் கொண்ட கட்டுரை வெறும் 30 கிலோபைட். அதன் தலைமேல் சுருக்காமல் ஏற்றும் ஒரு கைபேசிப் படம் 3 மெகாபைட், அதாவது நூறு கட்டுரைகளின் எடை. அந்தப் படத்துக்காக வாசகர் தன் ரீலோட் காசைக் கொடுக்கிறார்.

அறிக்கையை வாசிக்கும் விதமும் மாற வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, எத்தனை பேருக்குப் பக்கம் முழுதாகத் திறக்குமுன் கைவிட நேர்ந்தது என்று பாருங்கள். எந்த மணிக்கு வருகிறார்கள், எத்தனை பேர் மாதாமாதம் திரும்பி வருகிறார்கள் என்று பாருங்கள். முப்பது பேர் வருடம் தவறாமல் தேடும் தேர்ப் பதிவு, மூவாயிரம் பேர் மூன்று விநாடியில் தள்ளிவிட்ட காணொளியைவிடக் குறைந்ததல்ல. அதை இயந்திரம் சொல்லித் தராது. தளத்தை நடத்துபவர்தான் தன் ஊர்க்காரரை அறிந்து சொல்ல வேண்டும்.